ஒற்றைத் தலைவலியோடு வலது கை விழுந்து மறுநாள் திரும்பியது: எம்.ஆர்.ஐ.யில் தெரிந்த மாற்றம் எதைக் குறிக்கிறது?

கேள்வி: நேதாஜி நகர் வாசகன்

வணக்கம். நாங்கள் தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். என் மனைவிக்கு வயது 34. வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்து ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்துக் கொடுக்கிறார். பதின்ம வயதிலிருந்தே அவருக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டு, விளக்கை அணைத்துப் படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்பதால் அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

சென்ற மாதம் நடந்தது வேறு. முதலில் வலப்பக்கப் பார்வையில் பளபளவென்று ஒரு கோணல் கோடு ஆடுவதாகச் சொன்னார். சிறிது நேரத்தில் வலது கை விரல் நுனிகள் மரத்தன. அந்த மரமரப்பு மெல்ல மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் ஏறி, பிறகு வலப்பக்க உதட்டுக்கும் நாக்குக்கும் வந்தது. இதற்குள் அரை மணி நேரத்திற்குக் குறையாமல் ஆகியிருக்கும். நூல் சுற்றிய பாபினை அதன் கூட்டுக்குள் பொருத்தப் போனவர் கீழே தவறவிட்டார். எடுக்கக் குனிந்தபோது விரல்கள் மடங்கவில்லை. "பாபின்" என்று சொல்ல வந்தவர் "பால்" என்றார், அடுத்து அதுவும் வரவில்லை. எழுந்து நடந்தபோது வலது கால் இழுத்தது. இவ்வளவுக்கும் பிறகுதான் இடப்பக்கத் தலை இடிக்கத் தொடங்கி வாந்தியும் வந்தது.

அருகிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். சி.டி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். இளவயதுப் பக்கவாதம் என்று சொல்லி ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் தொடங்கினார்கள். மறுநாள் மாலைக்குள் கையும் காலும் முழுமையாகத் திரும்பிவிட்டன; பேச்சு தெளிவதற்கு மட்டும் இன்னும் சற்று நேரம் பிடித்தது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் இரண்டு செய்திகள் இருந்தன: மூளையின் இடப்பக்கப் புறணி (மேலடுக்கு) வீங்கியிருக்கிறது என்பதும், அந்த வீக்கம் ஒரே ரத்தக்குழாயின் எல்லைக்குள் அடங்கவில்லை என்பதும் ஒன்று, இருபுறமும் வெண்பொருளில் (புறணிக்கு உள்ளே இருக்கும் நரம்பிழைப் பகுதியில்) சில சிறு வெண்புள்ளிகள் உள்ளன என்பது மற்றொன்று. பின்னர் பார்த்த நரம்பியல் மருத்துவர், இது ஹெமிபிளெஜிக் மைக்ரேனாக, அதாவது உடலின் ஒரு பக்கம் தற்காலிகமாகச் செயலிழக்கும் ஒற்றைத் தலைவலியாக, இருக்கலாம் என்று சொல்லி, ஆறு வாரம் கழித்து மறுபடியும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்கிறார். என் மனைவியின் தாய்மாமனுக்கும் இளவயதில் "வாதம் வந்து வந்து போகும்" என்று மாமியார் இப்போதுதான் சொல்கிறார்.

தலைவலியில் கை கால் விழுமா? மூளையில் தெரிந்த மாற்றம் அப்படியே நின்றுவிடுமா? அடுத்த முறையும் இப்படி வந்தால் மருத்துவமனைக்கு ஓட வேண்டுமா, அல்லது வீட்டில் காத்திருந்து பார்க்கலாமா? உறவினர்கள் ஆளுக்கொன்று சொல்வதால் இங்கே கேட்கிறேன்.

பதில்: பொது மருத்துவன்

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் பொது மருத்துவப் பிரிவில் பணிபுரிகிறேன். நரம்பியல் நிபுணன் அல்லன். ஆனால் கை கால் விழுந்து வருபவர்களை அவசரப் பிரிவில் முதலில் பார்ப்பவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். நேரில் பார்க்காமல் நோயை உறுதிசெய்ய முடியாது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தலைவலியில் கை கால் விழும், அரிதாக. டென்மார்க்கில் மக்கள்தொகை அளவில் கணக்கெடுத்தபோது, ஏறக்குறைய பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இந்த வகை இருப்பதாகத் தெரிந்தது. பெண்களிடம் அதிகம். பெரும்பாலும் பதின்ம வயதுக்கு முன்னும் பின்னுமாகத் தொடங்குகிறது என்றாலும், முப்பதுகளில் முதன்முறையாகக் கை விழுந்து வருபவர்களும் இருக்கிறார்கள். பலவீனம் சில மணி நேரம் முதல் மூன்று நாள் வரை நீடித்துத் தானாக விலகுவது வழக்கம். சிலருக்கு வாரக்கணக்கில் நீள்வதும் உண்டு. மிகக் கடுமையான தாக்குதலில் காய்ச்சல், குழப்பம், வலிப்பு, அரிதாகச் சுயநினைவிழப்பு வரை போகலாம்.

நீங்கள் எழுதியிருக்கும் வரிசையிலேயே பாதி விடை இருக்கிறது. அடைப்பினால் வரும் பக்கவாதத்தில் கையும் வாயும் பேச்சும் பெரும்பாலும் ஒரேயடியாகப் போகும். ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறியோ, மண்ணில் ஈரம் ஊறுவதைப் போல நிமிடங்கள் எடுத்துக்கொண்டு பரவும். ஒன்று அடங்கும் வேளையில் அடுத்தது தொடங்கும். பார்வை இருண்டு போவதற்கு முன் ஒளி ஆடும், உணர்வு போவதற்கு முன் ஊறல் எடுக்கும். மரமரப்பு முழங்கையிலிருந்து தோள், கழுத்து என்று ஏறாமல் நேராக உதட்டுக்குப் போனதைக் கவனித்தீர்களா? உடலில் கையும் உதடும் தூரத்தில் இருந்தாலும், மூளைப் புறணியில் இரண்டுக்கும் உரிய பகுதிகள் பக்கத்துப் பக்கத்தில் உள்ளன. நகர்வது கையிலோ முகத்திலோ அன்று, புறணியில்தான் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் நோயாளியின் வாயிலிருந்து கிடைப்பதில்லை.

கார்ல் லாஷ்லி என்ற உளவியலறிஞர் 1941இல் தம் கண்முன் தோன்றிய ஒளிக்கோட்டைத் தாமே தாளில் வரைந்து, அதற்குக் காரணமான கலக்கம் புறணியில் நிமிடத்திற்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்வதாகக் கணக்கிட்டார். பிரேசிலைச் சேர்ந்த அரிஸ்டிடெஸ் லெயோ 1944இல் முயலின் மூளையில் ஏறத்தாழ அதே வேகத்தில் பரவும் ஒரு மின் அலையைப் பதிவுசெய்தார். அந்த அலை கடக்கும் இடத்தில் நரம்பணுக்கள் ஒரு கணம் பெருமளவில் கிளர்ந்து, உடனே வாயடைத்துப் போகின்றன. உப்புகளின் மின்துகள்கள் இடம் மாறுகின்றன, செல்களுக்குள் நீர் புகுகிறது, ரத்த ஓட்டம் முதலில் சற்று ஏறிப் பிறகு மணிக்கணக்கில் குறைகிறது. முன்னறிகுறியோடு வரும் சாதாரண ஒற்றைத் தலைவலியில் இந்த அலை பெரும்பாலும் பார்வைக்குரிய பின்பகுதியோடு நின்றுவிடும். ஹெமிபிளெஜிக் வகையில் அசைவுக்குரிய பகுதி வரை வந்துவிடுகிறது.

இனி எம்.ஆர்.ஐ. அறிக்கை. அதில் உள்ள இரண்டு செய்திகளும் வெவ்வேறானவை. அவற்றைக் குழப்பிக்கொண்டுதான் பல குடும்பங்கள் வீணாக அஞ்சுகின்றன.

புறணி வீக்கம் இந்தத் தாக்குதலுக்குரியது. கடுமையான ஹெமிபிளெஜிக் தாக்குதலின்போது, கை விழுந்த பக்கத்திற்கு எதிர்ப்பக்க மூளையின் புறணி வீங்கித் தெரிவது பல நோயாளிகளிடம் பதிவாகியிருக்கிறது. உங்கள் மனைவிக்கு வலது கையும் பேச்சும் போயின, வீக்கம் இடப்பக்கத்தில் இருக்கிறது, பொருந்துகிறது. ஒரு ரத்தக்குழாய் அடைத்திருந்தால் அந்தக் குழாய் ஊட்டும் பகுதி மட்டுமே கெட்டிருக்கும், எல்லை கத்தரித்தாற்போல் தெரியும். இங்கே எல்லை மீறியிருக்கிறது என்று படம் பார்த்தவர் எழுதியிருப்பது முக்கியமான குறிப்பு. இத்தகைய வீக்கம் நாட்களிலோ வாரங்களிலோ வடிந்துவிடுவதே பெரும்பான்மை. ஆறு வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னது அதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யத்தான். அந்த ஸ்கேனைச் செலவென்று தள்ளிவிடாதீர்கள். மிகச் சிலருக்கு, அதிலும் கடுமையான தாக்குதல் திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு, அந்த இடத்தில் புறணி சுருங்கிப் போனதும் நிலையான குறை தங்கியதும் உண்டு. அதனால்தான் தடுப்பு மருந்து பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

வெண்புள்ளிகள் இந்தத் தாக்குதலில் வந்தவை என்று கொள்ள வேண்டியதில்லை. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், அவை மற்றவர்களைவிட அதிகம் தென்படுகின்றன. நெதர்லாந்தில் ஒரே குழுவினரை ஒன்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் படமெடுத்துப் பார்த்த ஆய்வு 2012இல் வெளியானது. ஒற்றைத் தலைவலி உள்ள பெண்களில் 77 விழுக்காட்டினருக்கும், தலைவலி இல்லாத பெண்களில் 60 விழுக்காட்டினருக்கும் இந்தப் புள்ளிகள் கூடியிருந்தன; ஆனால் அதற்கேற்ப நினைவாற்றலோ சிந்தனைத் திறனோ குறைந்ததாகத் தெரியவில்லை. எனவே அறிக்கையில் அந்த வரியைப் படித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை ஆகியவையும் அதே புள்ளிகளைக் கூட்டும் என்பதால், ரத்த அழுத்தத்தை மட்டும் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்விக்கு என் பதில் கறாரானது. வீட்டில் காத்திருக்க வேண்டாம். இந்த நோயை, மற்றவற்றையெல்லாம் விலக்கிய பிறகே உறுதியாகச் சொல்ல முடியும். பன்னாட்டு வரையறையின்படி குறைந்தது இரண்டு தாக்குதல்கள் வேண்டும். உங்கள் மனைவிக்கு ஒன்றுதான் நடந்திருக்கிறது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குரிய காலம் பொதுவாக அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம். இது தலைவலிதான் என்று நினைத்து அதைத் தவறவிட்டால் பிறகு ஈடுசெய்வது கடினம். மாறாக, ஒற்றைத் தலைவலி என்று பின்னால் தெரியவந்தவருக்கு அந்த ஊசி போடப்பட்டிருந்தாலும் அவருக்கு ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு மிகக் குறைவு. சர்க்கரை இறங்கினாலும் கை விழும், வலிப்புக்குப் பின்னும் விழும். நம் ஊரில், குறிப்பாகப் பிள்ளைபெற்ற பெண்களிடம், மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்து தலைவலியும் பலவீனமும் சேர்ந்து வருவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். சிரைகளுக்கான படமும் எடுக்கப்பட்டதா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

பதில்: வைத்தியர் வீட்டுப் பேரன்

எங்கள் தாத்தா கொருக்குப்பேட்டையில் பலருக்கு வாதம் தீர்த்தவர். இதைப் போல் கை இழுத்துக்கொண்டு வந்தவர்களுக்குப் புறா ரத்தம் தேய்த்து, கம்பளியால் போர்த்திப் படுக்கவைப்பார். மறுநாளே கையைத் தூக்கியவர்களை நான் சிறுவயதில் நேரில் பார்த்திருக்கிறேன். ஸ்கேன் எடுப்பதற்கே ஆயிரக்கணக்கில் செலவு செய்யும் இந்தக் காலத்தில், பக்கவிளைவு இல்லாத ஒன்றை முயன்று பார்ப்பதில் என்ன தவறு என்று எனக்குப் புரியவில்லை.

பதில்: திருவொற்றியூர் கரையோரம்

எனக்கு இந்த நோய் பள்ளி நாட்களிலிருந்து இருக்கிறது. என் தந்தைக்கும் இருந்தது. ஆகவே முதலில் மேலே எழுதிய நண்பருக்கு ஒரு சொல். உங்கள் தாத்தா நல்ல மனத்தோடுதான் செய்திருப்பார். ஆனால் இது ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ தானாக விலகும் நோய். புறா ரத்தம் தேய்த்தாலும் விலகும், விபூதி பூசினாலும் விலகும், சும்மா படுத்திருந்தாலும் விலகும். அன்று யார் பக்கத்தில் இருந்தாரோ அவருக்குப் பெயர் கிடைக்கும். என்னை மந்திரிக்க அழைத்துப் போன இடங்களிலெல்லாம் எனக்குக் குணமாகியிருக்கிறது. அந்த நேரத்தில் வந்தது உண்மையான அடைப்பாக இருந்திருந்தால் கம்பளிக்குள் படுத்திருந்த அந்த ஒரு நாளின் விலை என்ன என்பதுதான் கேள்வி.

கேள்வி கேட்ட நண்பருக்கு: தாக்குதல் வரும்போது நோயாளியால் பேச முடியாது. இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒருமுறை ராயபுரத்தில் சாலையோரத்தில் எனக்கு நாக்குக் குழறிக் கால் பின்னியபோது, சுற்றி நின்றவர்கள் குடித்திருக்கிறான் என்று முடிவு கட்டி விலகிப் போனார்கள். அதற்குப் பின் சட்டைப்பையில் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். நோயின் பெயர், தொடர்புகொள்ள வேண்டிய எண், எனக்குத் தரக்கூடாத மருந்துகள், "நான் மது அருந்தவில்லை, 108ஐ அழையுங்கள்" என்ற வரி ஆகியவை அதில் தமிழில் பெரிய எழுத்தில் உள்ளன. மருத்துவருக்காக ஆங்கிலத்திலும் பின்புறம் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறேன். உங்கள் மனைவிக்கும் இதைச் செய்து கொடுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் 108ஐ அழைத்து முகவரி சொல்லக் கற்றுக்கொடுங்கள். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நேரத்தில் ஆட்டோவில் புறப்பட்டு மாட்டிக்கொள்வதைவிட, ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு அறிகுறி தொடங்கிய நேரத்தை ஒரு தாளில் எழுதி வைப்பது மேல். அவசரப் பிரிவில் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான்.

எதனால் தூண்டப்படுகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். எனக்குத் தூக்கம் கெடுவது முதல் எதிரி. அடுத்தது வெல்டிங் பட்டறையின் மின்னும் ஒளி. மாசி பிரம்மோற்சவத்திற்கு வடிவுடையம்மன் கோயிலில் இரவெல்லாம் நிற்பதை நான் விட்டுப் பல காலம் ஆகிறது. உங்கள் மனைவி தையல் வேலை செய்பவர் என்பதால், இயந்திரத்தின் மேல் உள்ள விளக்கு மினுமினுக்கிறதா என்று பாருங்கள். விழாக்கால அவசரத் தையலுக்கு இரவு கண்விழிப்பதையும் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். சொல்வது எளிது, தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் எந்தத் தையற்காரரும் கேட்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் எதிர்பார்த்திருங்கள். கை திரும்பிய பிறகும் சில நாட்களுக்குச் சோர்வும், தெரிந்த பெயர் நாவுக்கு வராத தடுமாற்றமும் இருக்கும். அடுத்த முறை வலப்பக்கத்திற்குப் பதில் இடப்பக்கம் விழுந்தாலும் விழலாம். எனக்கு மாறி மாறி வந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நேற்று கை விழுந்தவர் இன்று முழு ஆளாக நடமாடுவது நடிப்பாகத் தெரியும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் என் விடுப்பு விண்ணப்பத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். மருத்துவர் தரும் சான்றுகளையும் டிஸ்சார்ஜ் சீட்டுகளையும் ஒரு கோப்பில் தேதிவாரியாக அடுக்கிவைப்பது அந்தச் சிரிப்புக்குப் போதுமான பதில்.

பதில்: வியாசர்பாடி மருந்தாளுநர்

மற்றவர்கள் தொடாத ஒரு விஷயம், "மெடிக்கலில் ஒரு மாத்திரை" என்ற அந்தச் சொற்கள். அது என்ன மாத்திரை என்று பழைய அட்டையைத் தேடிப் பாருங்கள். எர்கோட்டமினோடு காஃபினும் பாராசிட்டமாலும் கலந்த கூட்டு மாத்திரைகள் நம் பகுதியில் சீட்டு இல்லாமலேயே கைமாறுகின்றன. தலைவலி என்றதும் கடைப்பையன் எடுத்து நீட்டுவது பல நேரம் அதுதான். எர்கோட்டமின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். ஹெமிபிளெஜிக் மைக்ரேன் உள்ளவர்களுக்கு அது ஆகாது. ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள சுமாட்ரிப்டான், ரிசாட்ரிப்டான் முதலிய டிரிப்டான் வகைகளையும் இந்த நோயில் தரக்கூடாது என்றுதான் அவற்றின் மருந்துக் குறிப்பில் அச்சிடப்பட்டுள்ளது. சில மருத்துவர்கள் தெரிந்தே டிரிப்டான் கொடுத்துப் பார்த்து, பெரும்பாலானவர்களுக்குத் தீங்கு நேரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது நிபுணரின் முடிவாக இருக்க வேண்டுமே தவிர, கடையில் நின்று எடுக்கும் முடிவாக இருக்கக்கூடாது. வலிக்கு நாப்ராக்சென், பாராசிட்டமால் போன்றவையும் வாந்திக்குத் தனி மருந்தும் போதும். அவற்றையும் மாதத்தில் பதினைந்து நாளைத் தொட விடாதீர்கள். கூட்டு மாத்திரைகளுக்கு அந்த வரம்பு பத்து நாள்தான். அதைத் தாண்டினால் மாத்திரையே தலைவலியைத் தினசரி ஆக்கிவிடும்.

தடுப்பு மருந்துகளில் இந்த நோய்க்கென்று பெரிய ஆய்வுகளில் நிறுவப்பட்டது எதுவும் இல்லை. ஃப்ளூனாரிசின், வெராபமில், லாமோட்ரிஜின், அசெட்டசோலமைடு, டோபிராமேட் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சில மாதங்கள் பார்ப்பதே வழக்கம். ஃப்ளூனாரிசின் தூக்கத்தையும் எடையையும் கூட்டும், மனச்சோர்வு இருந்தவர்களுக்கு அதை மீண்டும் கிளப்பும். வெராபமில் மலச்சிக்கல் தரும், அதைத் தொடங்கும் முன் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். அசெட்டசோலமைடில் விரல் நுனிகள் ஊறும். உங்கள் மனைவி அதைத் தாக்குதலின் தொடக்கம் என்று எண்ணிப் பதற வாய்ப்பு உண்டு, முன்கூட்டியே சொல்லிவையுங்கள். லாமோட்ரிஜினை மிக மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், தோலில் தடிப்பு வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வால்புரோயேட்டும் டோபிராமேட்டும் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியவை. 34 வயதுப் பெண்ணுக்கு எழுதப்பட்டால் இதைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

கேட்கத் தயங்கக்கூடாத ஒன்று: அவர் கருத்தடை மாத்திரை எடுக்கிறாரா? மாதவிடாயைத் தள்ளிப்போட அல்லது சீராக்க என்று சொல்லிக் கொடுக்கப்படும் மாத்திரைகளிலும் ஈஸ்ட்ரோஜன் இருக்கலாம். முன்னறிகுறியோடு கூடிய ஒற்றைத் தலைவலி இருப்பவருக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இந்த வகைத் தலைவலியே பக்கவாத வாய்ப்பை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குகிறது. ஈஸ்ட்ரோஜனும் புகையும் சேர்ந்தால் அது மேலும் ஏறும். காப்பர் டி வைத்துக்கொள்ளலாம். ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும், பக்கவாதம் இல்லை என்று நரம்பியல் மருத்துவர் சொல்லி நிறுத்தும் வரை, நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: நேதாஜி நகர் வாசகன்

எல்லோருக்கும் நன்றி. பழைய அட்டை கிடைத்தது. அதில் எர்கோட்டமின் இருக்கிறது. கடைசித் தாக்குதல் நாளன்று காலையிலும் லேசான தலைவலிக்கு ஒன்று போட்டதாகச் சொல்கிறார். கருத்தடை மாத்திரை இல்லை. தெரு விளையாட்டில் அடிபட்டதும் வாந்தி எடுத்து, பல மணி நேரம் தூங்கி எழுந்த ஓர் அனுபவம் எங்கள் ஒன்பது வயது மகளுக்கு உண்டு. தாய்மாமன், மனைவி, மகள் என்று இது வழிவழியாக வருவதா? மாமியாருக்குக் கை விழுந்ததே இல்லை, தலைவலி மட்டும்தான் உண்டு. அப்படியானால் அவர் வழியாக எப்படி வந்திருக்கும்? மரபணுச் சோதனை செய்துவிட்டால் தெளிவாகிவிடுமா? என் மனைவி ஸ்கூட்டர் ஓட்டுவார், அதையும் நிறுத்த வேண்டுமா?

பதில்: பொது மருத்துவன்

மாத்திரை அட்டையை எடுத்து வைத்தது நல்லது. அன்று காலை அதைப் போட்ட நேரத்தையும் சேர்த்து நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குடும்ப வழியில் வரும் வகைக்கு மூன்று மரபணுக்கள் முதன்மையானவை. 1996இல் கண்டறியப்பட்டது நரம்பு முனையில் கால்சியம் உள்ளே நுழையும் வாயிலுக்குரியது, 2003இல் கண்டறியப்பட்டது நரம்பணுக்களைச் சூழ்ந்த துணைச் செல்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மாற்றும் விசைக்குரியது, 2005இல் கண்டறியப்பட்டது சோடியம் நுழையும் வாயிலுக்குரியது. மூன்றிலும் விளைவு ஒன்றே: அந்த மின் அலை மிக எளிதாகக் கிளம்பிவிடுகிறது. பெற்றோரில் ஒருவருக்குப் பிழை இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர ஐம்பது விழுக்காடு வாய்ப்பு. ஆனால் பிழை இருக்கும் எல்லோருக்கும் கை விழுவதில்லை. உங்கள் மாமியாருக்கு வெறும் தலைவலியாக மட்டும் வெளிப்பட்டு, அவருடைய சகோதரருக்கும் மகளான உங்கள் மனைவிக்கும் முழு நோயாக வெளிப்பட்டிருக்க இடமுண்டு. சோதனையில் பிழை தென்பட்டால் உறுதி. தென்படாவிட்டால் நோய் இல்லை என்று ஆகாது, ஏனெனில் இம்மூன்றிலும் பிழை காணப்படாத குடும்பங்கள் நிறைய உள்ளன. கடன் வாங்கிச் செய்ய வேண்டிய அவசரச் சோதனை அன்று அது. கால்சியம் வாயில் வகையில் சிலருக்குச் சிறுமூளை சுருங்கி, தாக்குதல் இல்லாத நாளிலும் நடை தள்ளாடும், எம்.ஆர்.ஐ.யில் சிறுமூளை எப்படி இருக்கிறது என்று கேட்டுவைத்தால் போதும்.

உங்கள் மகளைப் பற்றிய வரிதான் என்னை நிறுத்தியது. அடிபட்டு வாந்தி எடுத்துத் தூங்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது சாதாரணமானதுதான். ஆனால் கால்சியம் வாயில் மரபணுவில் குறிப்பிட்ட ஒரு பிழை உள்ள குடும்பங்களில், தலையில் லேசாக அடிபட்டாலே சில மணி நேரம் கழித்து மூளை கடுமையாக வீங்கி உயிராபத்து வரை போனது பதிவாகியிருக்கிறது. அப்படித்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. அவளுக்குத் தலையில் அடிபட்டால், நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் அன்று முழுவதும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாவிட்டாலோ வாந்தி தொடர்ந்தாலோ கை கால் துவண்டாலோ ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ உடனே கொண்டுபோய், தாய்க்கு உள்ள நோயின் பெயரை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பள்ளியிலும் உடற்கல்வி ஆசிரியரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஸ்கூட்டர்: ஆறு வாரப் படம் வந்து, நரம்பியல் மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை வேண்டாம். முன்னறிகுறி தொடங்கி அரை மணி நேரம் கழித்தே கை விழுந்தது என்பதால் ஓரம்கட்ட நேரம் கிடைக்கும் என்று தோன்றலாம். ஆனால் வலப்பக்கப் பார்வை ஆடத் தொடங்கிய அந்த நொடியிலேயே வலப்பக்கம் வரும் லாரி தெரியாது. ஓட்ட அனுமதி கிடைத்த பிறகும் மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவதைத் தடுப்பு மருந்து நிலைப்படும் வரை தள்ளிவையுங்கள். மூளையின் ரத்தக்குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோவை யாரேனும் பரிந்துரைத்தால், அதுவே இந்த நோயாளிகளுக்குத் தாக்குதலைத் தூண்டக்கூடும் என்பதைச் சொல்லி, எம்.ஆர். முறையிலோ சி.டி. முறையிலோ பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அடுத்த சந்திப்புக்கு அறிக்கைத் தாள் மட்டும் போதாது, முதல் எம்.ஆர்.ஐ.யின் குறுந்தகட்டையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வீக்கம் வடிந்ததா என்று சொல்ல முடியும்.